கட்டளைக்குப் பின்னால் என்ன வரலாம்?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஓர் ஆட்டோவை நிறுத்தி, "அண்ணாச்சி, ஹார்பருக்குப் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். "பழசா, புதுசா?" என்று உடனே கேள்வி வரும். 1974-ல் புதிய துறைமுகம் வந்தபிறகு இந்த ஊரில் இரண்டு ஹார்பர். 'போ' என்பது புரிந்துவிட்டது, எங்கே என்பதில்தான் குழப்பம். ஆட்டோக்காரர் கேட்டுத் தெரிந்துகொள்வார். கணினி கேட்குமா?

கணினிக் கட்டளையிலும் இதே கதைதான். என்ன வேலை என்பது ஒரு பகுதி. எதை வைத்து, எங்கே என்பது இன்னொரு பகுதி. இந்த இரண்டாவது பகுதிக்குத்தான் 'ஆபரண்ட்' என்று பெயர். பள்ளியில் படித்த செயப்படுபொருள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மனிதர்கள் எழுதும் சுருக்கச் சொற்களை 0, 1 ஆக மாற்றித் தருவது அசெம்ப்ளர். ஆபரண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது அதிலுள்ள பார்சரின் வேலை.

1949-ல் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் வெறும் 31 கட்டளைகளில் இதைச் செய்து காட்டினார். முதலில் ஓர் எழுத்து, பிறகு ஓர் எண், கடைசியில் குட்டையா நெட்டையா என்று சொல்ல இன்னோர் எழுத்து. அவ்வளவுதான் இலக்கணம்!

நம் நாட்டுக் கதை மும்பையில் தொடங்குகிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் முக்கியப் பங்கு வகித்த குழு கட்டிய கணினி 1960-ல் முழுமையாக இயங்கியது. 1962-ல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார். 1964-ல் அதே நிலையத்துக்கு அமெரிக்காவின் சிடிசி 3600 வந்து சேர்ந்தது. டிஃப்ராக்குக்காக எழுதிய இயந்திரக் கட்டளைகளை அதில் அப்படியே ஓட்ட முடியாது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தனிப் பாஷை.

இதற்கிடையே 1959-ல் ஜான் பேக்கஸ், கணினி மொழியின் இலக்கணத்தைச் சூத்திரம் போல எழுத ஒரு முறை சொன்னார். பீட்டர் நார் அதைச் செம்மைப்படுத்தி 1960-ன் அல்கால் அறிக்கையில் பயன்படுத்தினார். பாணினி எப்போதோ செய்ததுதானே இது, 'பாணினி-பேக்கஸ் வடிவம்' என்று அழைக்கலாமே என 1967-ல் இங்கர்மேன் என்பவர் யோசனை சொன்னது சுவையான விஷயம்.

அந்த முறையில் ஆபரண்டை இப்படி எழுதலாம்:

ஆபரண்ட் = பதிவகம் அல்லது எண் அல்லது எண்(பதிவகம்)

மூன்றாவது வகை, பதிவகத்தில் உள்ள முகவரியோடு அந்த எண்ணைக் கூட்டி நினைவகத்தில் தேடச் சொல்வது.

இனி சென்னைக்கு வருவோம். 2010-ல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு எல்லோருக்கும் திறந்தது. ஐஐடி மெட்ராஸில் வி. காமகோடி குழுவின் 'சக்தி' செயலி அதைத்தான் எடுத்துக்கொண்டது. 2018-ல் அந்தச் சில்லில் லினக்ஸ் ஓடியது. டிஃப்ராக் காலம் போல இலக்கணத்தை முதலிலிருந்து உருவாக்கத் தேவையில்லை. எழுதி வைத்த விதி பொதுவில் இருந்தால் யாரும் அதன்மேல் கட்டலாம்.

ஆனால் இலக்கணம் மட்டும் போதாது. ரிஸ்க்-ஃபைவில் 'ஆட்ஐ' என்ற கூட்டல் கட்டளையில் எண்ணுக்கு 12 பிட் இடம்தான். அதாவது -2048 முதல் 2047 வரை. ஒருவர் 5000 என்று எழுதுகிறார். 5000-மும் எண்தான், இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் அசெம்ப்ளர் பேசாமல் 12 பிட்டுக்கு வெட்டினால் மிஞ்சுவது 904! பேரேட்டில் 5000 ரூபாய் எழுதி 904 பதிவானால் அந்தக் கணக்கு என்ன ஆகும்?

அதனால் நல்ல அசெம்ப்ளர் இங்கே நின்று, பிழை என்று சொல்லிவிடும். ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பும் முன் கேட்ட அதே கேள்விதான். கணினிக்குத் தானாகக் கேட்கத் தெரியாது. விதி எழுதுகிறவர்தான் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.