புகைக்குழாயில் ஒரு சாட்சி



கார் எஞ்சின் சீராக ஓடவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது உதறுகிறது. ஆயர் ஈத்தாம் மேட்டில் இழுவை இல்லை. பெட்ரோல் மட்டும் தண்ணீராய்ச் செலவாகிறது. ஓட்டுநருக்கு முன்னே மஞ்சள் விளக்கொன்று அணையாமல் எரிகிறது. பட்டறைக்குக் கொண்டு போனால், கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்கிறார்கள். சில நூறு வெள்ளி கொடுத்துப் புதியது போட்டாகிறது. இரண்டு நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது! பினாங்கில் பழைய கார் வைத்திருப்போர் பலருக்கு இது தெரிந்த கதைதான். அந்தச் சிறு கருவி எங்கே பிறந்தது, நம் தீவுக்கு ஏன் தாமதமாக வந்தது, எதற்கெடுத்தாலும் அதன்மேல் ஏன் பழி விழுகிறது என்பவற்றை இன்று பார்ப்போம்.

ஆஸ்டின், மோரிஸ் கார்களும் அவற்றுக்குப் பின் டட்சன், டொயோட்டா கார்களும் ஜார்ஜ் டவுன் வீதிகளில் ஓடிய காலத்தில், எஞ்சினின் நோயை அறிய மனிதனின் காதும் மூக்குமே கருவிகளாக இருந்தன. நம் ஊரில் 'போர்மேன்' என்று அழைக்கப்படும் மெக்கானிக், எஞ்சினின் ஓசையைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்ப்பார். நுனி கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளிறியிருந்தால் காற்று மிகுதி. இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி. கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினால் வேலை முடிந்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கணக்கைக் காது போட்டது.

கார் ஓட வேண்டும் என்பதற்கு இந்தக் காதுக் கணக்கு போதும். ஆனால் காற்றைக் காக்க அது போதவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூடிய புகைமூட்டம் எப்படி உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலார் விளக்கினார். கார்ப் புகையில் எரியாமல் வெளிவரும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கலந்து நச்சாக மாறுகின்றன என்றார் அவர். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையைத் தூய்மை செய்யப் பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய வினையூக்கிப் பெட்டியைப் புகைக்குழாயில் பொருத்தினார்கள். மூவகை நச்சையும் ஒன்றாக நீக்க வல்ல பெட்டி பின்னர் வந்தது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. அந்த 14.7 என்ற அளவை ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் கலவை இருந்தால்தான் அது வேலை செய்யும். எந்தப் போர்மேனின் காதும் அவ்வளவு நுட்பமானதன்று. மேலும், அவர் காருடனேயே நாள் முழுதும் பயணம் செய்யவும் முடியாதல்லவா?

இதற்கு விடை ஒரு பழைய ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட், 1890களின் பிற்பகுதியில் விளக்கு செய்ய முயன்றபோது, சிர்கோனியா என்னும் பீங்கான் வகை நன்கு சூடேறினால் மின்சாரத்தைக் கடத்துவதைக் கண்டார். அதைக் கடத்துபவை ஆக்சிஜன் அயனிகள். அவருடைய விளக்கு விரைவிலேயே வழக்கொழிந்தது. பீங்கானின் குணம் நிலைத்தது. அதைத் தையற்காரரின் விரல்கவசம் போன்ற சிறு குப்பியாக்கி, இருபுறமும் பிளாட்டினம் பூசி, வெளிப்புறம் எஞ்சின் புகையும் உட்புறம் வெளிக்காற்றும் படும்படி வைத்தால் என்ன ஆகும்? இரு பக்கத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வேறுபாடு மின்னழுத்தமாக வெளிப்படும். புகையில் ஆக்சிஜன் இல்லையென்றால், அதாவது பெட்ரோல் மிகுந்தால், 0.9 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம். ஆக்சிஜன் மிஞ்சினால் 0.1 வோல்ட். ஜெர்மனியின் ராபர்ட் போஷ் நிறுவனம் ஆக்கிய இந்தக் கருவியை, 1976இல் வோல்வோ நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் முதன்முதலாகப் பொருத்தியது. கருவி சொல்வதைக் கேட்டுக் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்; மறுபடியும் கேட்கும்.

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். அதே போஷ் நிறுவனம் 1972லேயே பினாங்குக்கு வந்துவிட்டது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரத்தில் முதன்முதலில் தொழிற்சாலை அமைத்த எட்டு நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. நிறுவனம் வந்தது, அதன் புகழ்பெற்ற கருவி நம் சாலைகளுக்கு வர மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. வழியை அடைத்து நின்றது ஈயம்.

எஞ்சின் 'தட்டாமல்' இருப்பதற்காகப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கத்தை 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். அந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதுவே வினையூக்கிப் பெட்டியின்மீதும் சென்சாரின் பிளாட்டினப் பூச்சின்மீதும் படிந்து, இரண்டையும் விரைவில் மழுங்கடித்துவிடும். ஆகவே ஈயம் உள்ள நாட்டில் சென்சார் பிழைக்காது. மலேசியாவில் 1985ஆம் ஆண்டு விதிகள் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஈயத்தின் அளவை 0.84 கிராமிலிருந்து 0.5 கிராமாகவும், 1990இல் 0.15 கிராமாகவும் குறைக்கச் செய்தன. பிறகு ஈயமில்லாப் பெட்ரோல் நிலையங்களுக்கு வந்தது. பெட்ரோல் எஞ்சின் புகைக்கான கட்டுப்பாட்டு விதிகள் 1996இல் பிறந்தன. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல்தான் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது என்பதை நினைத்தால், நாம் மிகவும் பின்தங்கிவிடவில்லை எனலாம்.

1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த புரோட்டான் சாகா கார்புரேட்டர் கார்தான். 1993இல் வந்த வீரா வகையில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை கொண்ட எஞ்சின்களும் இருந்தன. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலோ மறுபடியும் கார்புரேட்டருடனேயே வந்தது. ஆகவே ஒரே பட்டறையில் இரு தலைமுறை எஞ்சின்கள் அருகருகே நின்றன. காதால் கேட்டுப் பழகியவர்கள் திடீரென்று கம்பிகளையும் கணினிப் பெட்டியையும் எதிர்கொண்டார்கள். மிட்சுபிஷி வழிவந்த அந்த எஞ்சின்களில் நோயை அறிய ஓர் எளிய வழி இருந்தது. சோதனை முனையில் பழைய முள் மீட்டரை மாட்டினால் முள் துள்ளும். நீண்ட துள்ளல் பத்து, குறுந்துள்ளல் ஒன்று. நீண்டது ஒன்றும் குறியது ஒன்றுமாக வந்தால் 11. அந்த எண்ணுக்கு ஆக்சிஜன் சென்சார் என்று பொருள். அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் 1996 முதல் ஒரே சீரான குறியீட்டு முறை கட்டாயமானது. பிற்பாடு அது உலகெங்கும் பரவியது. இன்று கையடக்கக் கருவி ஒன்று சில நொடியில் எண்ணைச் சொல்லிவிடுகிறது.

குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. பி 0171 என்று எண் வந்தால் 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று பொருள். சென்சார் கெட்டது என்று பொருளன்று. சென்சார் ஒரு சாட்சி. சாட்சி சொன்ன செய்தி பிடிக்காவிட்டால் சாட்சியையே மாற்றுவது நியாயமாகாது. எஞ்சினுக்குள் காற்று செல்லும் வழியில் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். நம் வெப்பத்தில் பழைய ரப்பர் வெடிப்பது சாதாரணம். பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம். இவற்றில் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

இன்னொரு வகை இதைவிட ஏமாற்றுவது. ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அங்கே பெட்ரோலும் எரிவதில்லை, காற்றும் எரிவதில்லை. இரண்டும் அப்படியே புகைக்குழாய்க்கு வருகின்றன. சென்சாருக்குப் பெட்ரோலை அறியும் திறன் கிடையாது. மிஞ்சிய ஆக்சிஜனை மட்டுமே அறியும். "பெட்ரோல் போதவில்லை" என்று அது சொல்ல, கணினி மேலும் பெட்ரோலைக் கொட்டுகிறது. புகை கறுக்கிறது; வினையூக்கிப் பெட்டி கொதித்து உருகவும் கூடும். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் கீறல் இருந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையே வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்பட்டுச் சாட்சியைக் குழப்பும். இவற்றில் சென்சாரை மாற்றுவது வீண். பிளக்கையும் சுருளையும் குழாயையும் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் சென்சார் கெடுவதே இல்லையா? கெடும். எண்ணெய் எரியும் எஞ்சினில் அதன்மேல் பூச்சுப் படியும். தவறான சிலிக்கோன் பசையால் வெண்மையான படிவு தோன்றும். தலைப்பகுதி அடைப்பு கசிந்து குளிர்நீர் உள்ளே எரிந்தாலும் கெடும். அதைச் சூடாக்கும் இழை அறுந்துபோவதும் உண்டு. 300 பாகை செல்சியசுக்குமேல் சூடேறினால்தான் அது சரியாகப் பேசும் என்பதை மறக்கலாகாது.

சோதிக்கும் முறை கடினமன்று. எஞ்சினை நன்றாகச் சூடாக்கியபின் டிஜிட்டல் மீட்டரை மாட்டி, ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால் அழுத்தம் 0.8 அல்லது 0.9க்கு ஏற வேண்டும். ஒரு வெற்றிடக் குழாயைக் கழற்றிக் காற்றை உள்ளே விட்டால் 0.1ஐ நோக்கி விழ வேண்டும். இரண்டும் உடனுக்குடன் நிகழ்ந்தால் சாட்சி நல்ல சாட்சி; நோய் வேறெங்கோ இருக்கிறது. தயங்கித் தயங்கி ஏறினாலோ நடுவிலேயே நின்றுவிட்டாலோ மாற்றலாம். ஒன்று மட்டும்: புதிய கார்கள் பலவற்றில் முன்புறம் இருப்பது அகன்ற அளவு காட்டும் வேறு வகைச் சென்சார். அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. கணினிக் கருவியில்தான் அதைப் படிக்க வேண்டும்.

மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். காசு மிச்சம் என்று வேறு காரின் சென்சாரை வாங்கிக் கம்பியை வெட்டி ஈயப்பற்று வைத்து ஒட்டுகிறார்கள். குப்பியின் உட்புறத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்றேன் அல்லவா? பல வகைகளில் அந்தக் காற்று உள்ளே போகும் வழி, அந்தக் கம்பியின் மெல்லிய இழைகளுக்கு இடையேதான். ஈயப்பற்று அந்த வழியை அடைத்துவிடும்.