அலி கண்டெடுத்த பறவை

ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஆராய்வோர், அதை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த அறிவிப்பாளர் தொடரையும் உடன் ஆராய்வர். இடையில் ஒரு பெயர் விடுபட்டாலும் தொடர் அறுந்ததாகவே கொள்வர். இப்பாடத்தை ஆண்டுதோறும் நடத்திப் பழகிய எமக்கு, ஆல்ஃபிரட் ரஸல் வாலஸின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு பெயர் உறுத்திக்கொண்டே இருக்கும். சரவாக்கைச் சேர்ந்த மலாய் இளைஞர் அலியின் பெயரே அது.

வாலஸ் 1823இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தார். வறுமையால் பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டு, நில அளவைத் தொழில் செய்தார். 1848இல் அமேசான் காடுகளுக்குச் சென்று நான்கு ஆண்டுகள் உயிரினங்களைச் சேகரித்தார். திரும்பும் வழியில் கப்பல் தீப்பற்றி எரிந்தது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு அழிந்தது. வேறொருவராயின் அத்தோடு ஓய்ந்திருப்பார். இவரோ 1854இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

அடுத்த ஆண்டு சரவாக்கில் அலி இவரிடம் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். வயது பதினைந்து இருக்கலாம். விரைவிலேயே பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் தேர்ந்தார், படகோட்டவும் வல்லவர், வாலஸ் காய்ச்சலில் கிடந்தால் பணிவிடையும் செய்வார். எட்டாண்டுகளில் வாலஸ் சேர்த்த உயிரினங்கள் 1,25,660. அவற்றுள் பறவைகள் மட்டும் 8,050. இவ்வளவையும் ஒருவர் தம் இரு கைகளால் சேர்த்திருக்க இயலுமா?

பாலித் தீவிலிருந்து குறுகிய கடலைக் கடந்து லொம்பொக்கை அடைந்தபோது, பறவையினங்கள் அடியோடு மாறியிருப்பதை வாலஸ் கண்டார். ஆசிய உயிரினங்களையும் ஆஸ்திரேலிய உயிரினங்களையும் பிரிக்கும் அந்த எல்லை, இன்றும் 'வாலஸ் கோடு' என வழங்குகிறது. 1858 பிப்ரவரியில், காய்ச்சலின் நடுவே மால்தஸின் மக்கள்தொகைக் கருத்து நினைவுக்கு வர, இயற்கைத் தேர்வுக் கொள்கையை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் அதே முடிவுக்கு முன்னரே வந்திருந்தார். இருவர் எழுத்துகளும் அவ்வாண்டு ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. வாலஸுக்குப் பின்னரே செய்தி தெரிந்தது; அவர் மனம் கோணவில்லை. பிற்காலத்தில், மனித அறிவை இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது என்று டார்வினிடமிருந்து விலகினார் என்பது தனிக் கட்டுரைக்குரியது.

அதே 1858 அக்டோபரில், பாச்சான் தீவில், வேட்டைக்குச் சென்ற அலி இடுப்பில் பறவைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பினார். அவற்றுள் ஒன்று விந்தையானது: மார்பில் பளபளக்கும் பச்சை இறகுகள், இரு தோள்களிலிருந்தும் இவ்விரண்டாக நீண்ட வெள்ளை இறகுகள். அறிவியல் அதுவரை அறியாத சொர்க்கப் பறவை அது. மறு ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிரே அதற்குப் பெயரிட்டார்: செமியோப்டெரா வாலஸீ. பெயரில் வாலஸ் இருக்கிறார், அலி இல்லை.

இதற்கு வாலஸைக் குறைகூறுவது நேர்மையாகாது. அலிதான் அதைக் கொண்டுவந்தார் என்று 1869இல் வெளியிட்ட 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் அவரே எழுதியுள்ளார். 1862இல் பிரியும்போது பணமும் தம் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டும் அலிக்கு அளித்தார். சிங்கப்பூரில் அப்போது எடுக்கப்பட்ட அலியின் நிழற்படத்தை, 1905இல் தம் தன்வரலாற்றில் சேர்த்தார். தொடரை அறுத்தவர்கள் பின்னால் எழுதியவர்களே.

1907இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் தாமஸ் பார்பர் தெர்னாத்தே தீவுக்குச் சென்றபோது, நிறம் மங்கிய நீலத் தொப்பியணிந்த மலாய் முதியவர் ஒருவர் அவரை நெருங்கினார். தம்மை 'அலி வாலஸ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பார்பர் இச்செய்தியை இங்கிலாந்துக்கு எழுதினார். அப்போது எண்பதைக் கடந்திருந்த வாலஸிடமிருந்து பதில் வந்தது.