நாலாவதாக வந்த தீபா

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் மூன்று பேருக்குத்தான் மேடை. நாலாவதாக ஓடி வந்த பிள்ளை எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. இன்று அப்படி நாலாவதாக வந்த ஒருவரின் வரலாற்றை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பெண் பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

2016 ஓகஸ்ட் 14. ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக் வோல்ட் இறுதிப் போட்டி. வேகமாக ஓடி வந்து, மிதிபலகையில் உதைத்து, மேசையில் கை ஊன்றி, காற்றில் சுழன்று, இரண்டு காலிலும் ஆடாமல் இறங்க வேண்டும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். இறுதிப் போட்டியில் இரண்டு விதமாகத் தாண்ட வேண்டும்; இரண்டு புள்ளிகளின் சராசரிதான் முடிவு.

இந்தியாவின் தீபா கர்மாகர் முதல் தாண்டலில் 14.866 புள்ளி எடுத்தார். இரண்டாவதாகத் தெரிவு செய்தது புரொடுனோவா. ரஷ்ய வீராங்கனை ஒருவரின் பெயரால் அழைக்கப்படும் இந்தத் தாண்டலில், மேசையில் கை ஊன்றிக் கிளம்பிய பிறகு காற்றில் முன்பக்கமாக இரண்டு தடவை கரணம் அடித்து இறங்க வேண்டும். கணக்குப் பிசகினால் கழுத்து முறியும். அதனால்தான் அதற்கு ‘மரண வோல்ட்’ என்றும் பெயர். உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள்தான் அதைப் போட்டியில் செய்திருந்தார்கள். தீபா மிகத் தாழ்வாகக் குந்தியபடி இறங்கினார். 15.266 கிடைத்தது. சராசரி 15.066.

தங்கம் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸுக்கு. வெண்கலம் எடுத்த சுவிற்சர்லாந்து வீராங்கனையின் புள்ளி 15.216. தீபா நாலாவது. இடைவெளி 0.150.

இந்த இடைவெளியைப் பற்றி அப்போது நிறையப் பேசினார்கள். அவர் வந்த தூரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

தீபா 1993 இல் திரிபுராவின் அகர்தலாவில் பிறந்தவர். இந்தியாவின் வடகிழக்கு மூலையில், மூன்று பக்கமும் பங்களாதேஷ் சூழ்ந்த சின்ன மாநிலம் அது. நாட்டின் ஓரத்தில் இருப்பது என்றால் என்னவென்று பருத்தித்துறையில் இருக்கும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. தந்தை பாரம் தூக்கும் விளையாட்டின் பயிற்சியாளர். ஆறு வயதில் மகளை ஜிம்னாஸ்டிக்கில் சேர்த்தார். பிள்ளைக்குத் தட்டைப் பாதம். ஓடித் தாண்டி இறங்கும் விளையாட்டுக்கு அது பெரிய குறை. அதற்கென்று தனிப் பயிற்சிகள் கொடுத்துத்தான் பாதத்தைச் சரிப்படுத்தினார்கள். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி, நல்ல உபகரணம் இல்லாத காலத்தில் பழைய ஸ்கூட்டரின் பாகங்களைக் கொண்டு மிதிபலகை செய்து கொடுத்தவர்.

அங்கிருந்து 2014 இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் வெண்கலம். 2015 உலகச் சம்பியன்ஷிப் வோல்ட் இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம். பிறகு ரியோ. ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அவர். அதற்கு முன் இந்திய ஆண்கள் கடைசியாகப் போனது 1964 இல்.

ரியோவிலிருந்து திரும்பிய சில நாட்களில் தீபா போய் உட்கார்ந்தது அரசறிவியல் முதுகலைப் பரீட்சை மண்டபத்தில். “விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் சேர்” என்று சொல்லும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எல்லாம் ஏறுமுகமாக இருக்கவில்லை. 2017 இல் முழங்காலில் சத்திரசிகிச்சை. 2018 இல் துருக்கியில் நடந்த உலக சவால் கிண்ணத் தொடரில் தங்கம். மீண்டும் காயம். டோக்கியோ ஒலிம்பிக் கைநழுவியது. 2021 இல் எடுத்த மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் ஒன்று இருந்ததால் 21 மாதத் தடை. தெரியாமல் உடலில் சேர்ந்தது என்பது தீபாவின் விளக்கம். ஆனாலும் தடையை அனுபவித்தே ஆக வேண்டியிருந்தது. பாராட்டி எழுதும்போது இதை மறைத்தால் அது வரலாறு ஆகாது.

தடை 2023 ஜூலையில் முடிந்தது. 2024 மே மாதம் தாஷ்கந்தில் ஆசியச் சம்பியன்ஷிப் வோல்ட்டில் தங்கம் வென்றார். ஆசியச் சம்பியன்ஷிப்பில் இந்தியருக்குக் கிடைத்த முதல் ஜிம்னாஸ்டிக் தங்கம் அது. அப்போது அவருக்கு வயது 30. அதே ஆண்டு ஒக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

இத்தாலியிலும் இதே மாதிரி ஒருவர் இருக்கிறார். வனெஸ்ஸா ஃபெராரி 2006 இல் உலகச் சம்பியன். ஆனால் ஒலிம்பிக் தரைப் பயிற்சியில் 2012 இலும் நாலாம் இடம், 2016 இலும் நாலாம் இடம். 2012 இல் மூன்றாவதாக வந்தவருக்கும் இவருக்கும் ஒரே புள்ளி. சமநிலையை உடைக்கும் விதிப்படி பதக்கம் மற்றவருக்குப் போனது. 2017 இல் குதிகால் தசைநாண் அறுந்தது. 2021 இல் டோக்கியோவில் வெள்ளி வென்றார். அவருக்கும் அப்போது வயது 30.

இலங்கைக்கு இந்த வாசலைத் திறந்தவர் மில்கா கெஹானி. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் கலந்துகொண்ட முதல் இலங்கையர். டோக்கியோ தொடக்க விழாவில் நாட்டின் கொடியைப் பிடித்து வந்தவர்களில் ஒருவர். அப்போது வயது 18. பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் இனிப் போகும் பிள்ளைக்கு, “எங்கட நாட்டிலிருந்து யாரும் போனதில்லை” என்று சொல்ல முடியாது.

இப்போது எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் ஜிம்னாஸ்டிக் மண்டபம் இல்லை. ஓட்டம் இருக்கிறது, வலைப்பந்து இருக்கிறது, கரப்பந்து இருக்கிறது. தரம் 6 இல் மணி அடித்தாலும் மைதானத்தை விட்டு வராத பெண் பிள்ளைகள், தரம் 9 ஆகும்போது மர நிழலில் இருந்து பார்க்கிறார்கள். வயதுக்கு வந்துவிட்டாள், ரியூசன் இருக்கிறது, ஊர் என்ன சொல்லும் என்று காரணங்கள். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: “எப்படியும் முதலாவதாக வரப்போவதில்லை, பிறகு எதற்கு?”

தீபாவின் தந்தையும் இப்படிக் கணக்குப் பார்த்திருந்தால், தட்டைப் பாதம் என்று தெரிந்த நாளிலேயே கதை முடிந்திருக்கும்.

உடுப்பு பற்றி யோசனை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். இருட்டுவதற்கு முன் பிள்ளை வீடு வர வேண்டும் என்றால் சொல்லுங்கள். பெண் ஆசிரியை ஒருவர் கூட நிற்க வேண்டும் என்றாலும் சொல்லுங்கள். இவை எல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை நிறுத்திவிட்டால் நாங்கள் எதைத் தீர்ப்பது?

அடுத்த போட்டியில் உங்கள் பிள்ளை நாலாவதாக வந்தால், “ஏன் மூன்றாவதாக வரவில்லை?” என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை பயிற்சிக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள்.