அலுமினியமும் ரப்பரும்: போர் விமானங்களைப் பாதுகாத்தல் பற்றி

பழைய போர் விமானம் ஒன்றைச் செப்பனிட்டு அருங்காட்சியகத்தில் நிறுத்துவது வெறும் தொழில்நுட்பக் காரியம் என்றே பொதுவாக நம்பப்படுகிறது. துருவைச் சுரண்டு, தகட்டை மாற்று, பெயிண்ட் அடி. இதில என்ன அரசியல் இருக்கு என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு விமானம் பல வருஷம் வாழ்கிறது. கை மாறுகிறது, நாடு மாறுகிறது, நிறம் மாறுகிறது. செப்பனிடுகிறவர்கள் அந்த வாழ்க்கையில் ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, விமானத்தை அந்தத் தேதிக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். அதற்குப் பிந்திய வாழ்க்கை முழுவதும் அழுக்கு என்ற கணக்கில் துடைக்கப்படுகிறது. எந்தத் தேதி, யாருடைய தேதி? இந்தக் கேள்வியிலிருந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

1

லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 1945இல் போர் முடிந்தபோது, பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடமிருந்த லிபரேட்டர்களை கான்பூரில் குவித்துப் போட்டது. அமெரிக்காவின் கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் வந்த விமானங்கள் அவை. திருப்பித் தர வேண்டும், இல்லை பயன்படாமல் ஆக்க வேண்டும். வேண்டுமென்றே உடைத்தார்கள், எஞ்சின்களில் மண்ணைக் கொட்டினார்கள். இந்தக் குப்பைமேட்டிலிருந்து பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிலாளர்கள் ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி, நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களைப் பறக்கவைத்தார்கள். முதல் ஒட்டுவேலை கான்பூரில். பிறகு ஜாம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி அவற்றை ஓட்டிக்கொண்டு பெங்களூர் வந்தார். முழுப் பழுதுபார்ப்பு அங்கே நடந்தது. 1948இல் தொடங்கி 1968 முடிய இருபது வருஷம் அவை இந்திய விமானப்படையில் இருந்தன.

உலகில் மற்ற இடங்களில் லிபரேட்டர்களை அநேகமாக முழுதும் உருக்கிவிட்டார்கள். அதனால், வேண்டுமென்று தேடும் காலம் வந்தபோது எல்லோரும் இந்தியாவுக்கு வந்தார்கள். 1968இல் ஒன்று கனடாவுக்குப் போயிற்று. 1969இல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்கு. 1974இல் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு. தில்லியின் பாலம் விமானத் தளத்தில் 1967இல் தொடங்கப்பட்ட நம் விமானப்படை அருங்காட்சியகத்தில் எச்.இ. 924 என்ற எண்ணுடன் ஒன்று நிற்கிறது.

1980களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போன இன்னொன்றைக் காலிங்ஸ் அறக்கட்டளை வாங்கியது. 1989இல் அது மறுபடி பறந்தது. அதற்கு முதலில் 'ஆல் அமெரிக்கன்' என்று பெயர் எழுதினார்கள். 1998இல் அழித்துவிட்டு 'டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்'. 2005இல் அதையும் அழித்து 'விட்ச்கிராஃப்ட்'. இவை மூன்றும் போரில் பறந்த வேறு மூன்று விமானங்களின் பெயர்கள். அமெரிக்கப் படையில் ஒருநாளும் குண்டு போடாத விமானம் மூன்று அமெரிக்க வேஷம் கட்டிவிட்டது. அதைச் சாகாமல் காப்பாற்றிய கான்பூர்-பெங்களூர் ஒட்டுவேலைக்கு அந்த மூன்று பெயரிலும் இடமில்லை.

ஆர் 4118 என்ற ஹரிக்கேன் கதையும் இதே பிரதியின் இன்னொரு பக்கம். 1940இல் பிரிட்டன் வான்போரில் பறந்தது. 1943இல் கப்பலேறி இந்தியா வந்தது. 1947இல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்கு, பொறியியல் மாணவர்கள் படிக்க என்று கொடுக்கப்பட்டது. வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்ததை 1982இல் ஓர் ஆங்கிலேயர் பார்த்தார். 2001இல் அது இங்கிலாந்து போய் 2004 டிசம்பரில் மறுபடி பறந்தது. செப்பனிட்ட தேதி 1940. பனாரஸில் இருந்த ஐம்பத்துச் சொச்சம் வருஷம் 'கைவிடப்பட்ட காலம்' ஆகிவிட்டது. அவர்கள் கைவேலையின் நேர்த்தியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கைவிட்டவர்கள் யார்? வேண்டாம் என்று விட்டுப்போனவர்களே பின்னால் மீட்பர்களாகவும் வருகிறார்கள்.

நம் பக்கமும் இதற்கு விலக்கில்லை. 2018இல் இந்திய விமானப்படைக்கு இங்கிலாந்தில் செப்பனிட்ட டகோட்டா ஒன்று அன்பளிப்பாக வந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண்ணை அதன்மேல் எழுதி, 'பரசுராமா' என்று பெயரும் வைத்தார்கள். அந்த விமானம் வேறு, இது வேறு. கோகர்ணத்திலிருந்து கன்னியாகுமரிவரை மழுவை வீசி மண்ணை உண்டாக்கி பிராமணர்களுக்குத் தானம் செய்தவன் என்ற கதையாடல் யாருக்கு நில உரிமை தந்தது என்பது திருவிதாங்கூர் மண்ணில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேதியோடு புராணமும் சேர்ந்து பூசப்படுகிறது.

2

இனி பேச்சிப்பாறைக்கு வருவோம். விமானத்துக்கும் இந்த மலையடிவாரத்துக்கும் என்ன சம்பந்தம்? ரப்பர்தான்.

1942 தொடக்கத்தில் மலேயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் விழுந்தன. உலக இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு தந்த நிலங்கள் நேச நாடுகளின் கையைவிட்டுப் போயின. மிஞ்சியதில் முக்கியமானவை இலங்கையும் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியும். குலசேகரம், பேச்சிப்பாறை வட்டாரம் அன்று திருவிதாங்கூரின் தெற்குக் கோடி. அமெரிக்கா செயற்கை ரப்பர் செய்தது உண்மை. ஆனால் பாரமான விமானம் தரையில் மோதி இறங்கும்போது எழும் சூட்டைத் தாங்க இயற்கை ரப்பர் வேண்டியிருந்தது. எரிபொருள் தொட்டிக்கும் அது வேண்டும். தொட்டியின் சுவரில் பதப்படுத்திய ரப்பருக்கு இடையே பதப்படுத்தாத ரப்பரை அடுக்கியிருப்பார்கள். குண்டு துளைத்ததும் பெட்ரோல் பட்டு அந்தப் பச்சை ரப்பர் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். விமானியின் உயிர் இந்த உப்பலில் இருந்தது. அந்த வருஷங்களில் இலங்கைத் தோட்டங்களில், மரம் செத்தாலும் சரி என்று பால் எடுத்தார்கள். கடும்வெட்டு என்று நம்மூர்க்காரர்கள் சொல்வது அதுதான்.

பால்வெட்டுகிறவர் விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுபோகும். பட்டையில் கீறி, சிரட்டையில் வடியவிட்டு, உறையவைத்து, ஷீட் அடித்து, புகைபோட்டு அனுப்புவார்கள். ஆலையில் அரைத்துக் கலந்தபின் எந்த ஊர் மரம், யார் வெட்டியது என்ற அடையாளம் அந்தப் பொருளில் மிஞ்சாது.

அருங்காட்சியகத்தின் பிரச்சினையும் இங்கேதான் தொடங்குகிறது. அலுமினியம் நிற்கும். எஞ்சின் எஃகை எண்ணெய் பூசிக் காப்பாற்றலாம். ரப்பர் மட்கிவிடும். காற்றும் வெளிச்சமும் பட்டு இறுகி, வெடித்து, உதிர்ந்துபோகும். விமானத்தைப் பறக்கவைக்க வேண்டுமானால் டயர், குழாய், அடைப்பு வளையம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதிது போட்டே ஆக வேண்டும். விமானத்தில் முதலில் அழிவது எதுவோ, அதுவே நம் ஆட்களின் கை பட்டது. வேதியியல் செய்வதை வரலாறும் ஒப்புக்கொண்டு செய்கிறது.

பேச்சிப்பாறையில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1906இல் முடிந்த அணையின் பக்கத்தில் பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இருக்கிறது. மூக்கன் துரை என்று ஜனங்கள் இன்றும் சொல்கிறார்கள். கல் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கல்லும் சொல்லாது. காணிக்காரர்களின் காடு தண்ணீருக்கடியில் போனதைச் சொல்லவும் கல் இல்லை.

3

செய்தவர்கள் விடுபடுகிறார்கள் என்றால், அடிபட்டவர்கள்? வங்காளத்துத் தளங்களிலிருந்து போன லிபரேட்டர்கள் 1944 முடிவிலிருந்து 1945 நடுவரை சயாம்-பர்மா ரயில்பாதையின் பாலங்களைக் குண்டுவீசித் தாக்கின. அந்தப் பாதையைப் போட்ட ஆசியத் தொழிலாளர்களில் ஒரு பெரிய பங்கு மலேயாத் தமிழர்கள். அவர்களில் மிகப்பலர் ரப்பர் தோட்டத்து ஆட்கள், ஏற்றுமதி நின்று வேலை போனவர்கள். ஆக, திருவிதாங்கூரிலும் இலங்கையிலும் பால்வெட்டியவர்களின் ரப்பரில் ஓடி எழும்பிய விமானங்கள், மலேயாவில் பால்வெட்டியவர்களின் தலைக்குமேல் குண்டு போட்டன. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7000 கல்லறைகள், அநேகமாக எல்லாம் பெயரோடு. பல்லாயிரமாகச் செத்த தமிழர்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

கீழேயிருந்து பார்ப்பதைக் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1984 முதல் செப்பனிட்டது. 1995இல் அதைச் செத்தவர்களின் பொருட்களோடு சேர்த்துக் காட்டத் திட்டமிட்டபோது முன்னாள் படைவீரர் அமைப்புகளும் அரசியல்வாதிகளும் எழுந்தார்கள். காட்சி ரத்தாயிற்று. இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். 2003இலிருந்து முழு விமானமும் பளபளவென்று நிற்கிறது.

நமக்கு இது தூரத்துச் செய்தியுமில்லை. கொழும்பை அடுத்த ரத்மலானையில் இலங்கை விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. 1980களின் நடுவில் வடக்கில் குண்டுபோட்ட மார்க்கெட்டி வகை விமானமும் அதன் காட்சிப்பொருள். யாழ்ப்பாணத்துச் சனம் 'பொம்பர்' என்று சொல்லிப் பங்கருக்குள் ஓடியது அந்த வகைச் சத்தம் கேட்டுத்தான். 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேல் விமானப்படை குண்டுபோட்டு நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் கேட்ட சத்தத்தை எந்தப் பெயிண்ட் திருப்பிக் கொண்டுவரும்?

4

அப்படியானால் விமானங்களை உருக்கிவிடலாமா? கூடாது. உருக்கினால் சாட்சியும் போகும். பாதுகாப்பதன் இலக்கணத்தை மாற்றக் கோர வேண்டும். ஒரு தேதிக்குத் திருப்பாமல் எல்லாத் தேதிகளையும் தெரியவிட வேண்டும். பெங்களூர்த் தொழிலாளி போட்ட ஒட்டுத் தகட்டைப் பெயிண்டால் மூடாமல் காட்ட வேண்டும். மட்கிய டயரைத் தூர எறியாமல் பக்கத்தில் வைத்து, அது எந்த மண்ணின் பால் என்று தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். மேலே பறந்தவரின் பெயர் இருக்கும் பலகையிலேயே கீழே இருந்தவர்களின் ஊர்ப்பெயர்களும் வர வேண்டும்.

இது அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும்கூட. 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்கள் கீரிப்பாறை, கோதையாறு பக்கம் அரசு ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டன. போர்க்காலத்து வெட்டு பற்றி அவர்களின் பெரியவர்கள் சொன்னது அந்த வீடுகளில் இன்னும் பேச்சாகக் கிடக்கலாம். கயத்தாறிலும் உளுந்தூர்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் போருக்காகப் போட்ட ஓடுதளங்களுக்கு மண் சுமந்தவர்களின் பிள்ளைகள் இருக்கலாம். போய்க் கேட்டு எழுதிவைப்பதற்கு ஹேங்கர் வேண்டாம். பேச்சும் ரப்பர் மாதிரிதான், கவனிக்காமல் விட்டால் மட்கும்.