குதிரைக் கவசமும் புதிய நாடும்



வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையுமே எண்ணுகிறோம். கணிப்பொறி விளையாட்டு ஒன்றின் வரலாற்றிலும் கற்கத்தக்கது உண்டு என்பதை இன்று கூற விரும்புகிறேன்.

'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்பது அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனத்தார் 1994 இல் தொடங்கிய ஆட்ட வரிசை. ஆடுவோர் வீரராகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு, ஒரு கற்பனை உலகில் உலவுவர். மூன்றாம் ஆட்டமாகிய 'மாரோவிண்ட்', 2002, 2003 ஆம் ஆண்டுகளில் இரு பிற்சேர்க்கைகளைப் பெற்றது. அவை கடைகளில் குறுந்தகடுகளாக விற்கப்பெற்றன.

நான்காவதாகிய 'ஆப்லிவியன்' 2006 மார்ச்சில் வெளிவந்தது. அதற்குள், இணையத்தின் வழியே வீட்டிலிருந்தே பிற்சேர்க்கை பெறும் வசதி வந்துவிட்டது. அடுத்த மாதமே முதற்சேர்க்கை வந்தது. அது யாது? குதிரைக்கு அணிவிக்கும் கவசம்! எக்ஸ்பாக்ஸ் கருவிக்கு அதன் விலை 2.50 டாலர். இதற்கும் காசா என்று பலர் வெகுண்டனர்.

2007 மார்ச்சில் வந்த 'ஷிவரிங் ஐல்ஸ்' என்னும் சேர்க்கையின் விலையோ 30 டாலர், பன்னிரு மடங்கு. ஆயினும் அதனை மகிழ்ந்து ஏற்றனர். பித்துக்கு அதிபதியான தேவன் ஆளும் ஒரு நாடு முழுவதையும் அது காட்டிற்று. கதையின் முடிவில் ஆடுவோரே அவ்வரியணையில் அமர்ந்தனர். மக்கள் விலையோடு பொருளையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்கின்றனர் என்பதற்கு இது சான்று.

நல்ல சேர்க்கை வீணாவதில்லை. 2003 இல் கண்ட சோல்ஸ்தைம் தீவு, ஐந்தாம் ஆட்டமாகிய 'ஸ்கைரி'மின் 2012 ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மீண்டும் தோன்றிற்று. ஆறாம் ஆட்டம் 2018 இல் அறிவிக்கப்பெற்றும், 2024 முடியும்வரை வெளிவரவில்லை. அது வரும்போது நீங்கள் கேட்க வேண்டுவது ஒன்றே: எமக்குத் தருவது கவசமா, நாடா?