பத்திரத்தில் இருந்த எச்சரிக்கை

வீட்டுமனை வாங்குவோர் வில்லங்கம் உண்டா என்று பார்ப்பது வழக்கம். மனைக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று பார்ப்போர் மிகச் சிலரே. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சியை ஒட்டிய நகரம் ஒன்றின் வரலாறு இதன் இன்றியமையாமையை விளக்கும்.

1890களில் வில்லியம் லவ் என்பவர் அங்கு நீர்மின்சாரத்திற்காகக் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். வேலை இடையில் நின்றது. நீண்ட பள்ளம் மட்டும் எஞ்சியது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் அப்பள்ளத்தில் ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்து, களிமண்ணால் மூடியது. 1953இல் அந்நிலத்தை ஒரே ஒரு டாலர் விலைக்கு நகரப் பள்ளி வாரியத்திற்கு விற்றது. வேதிக்கழிவு புதைக்கப்பட்டிருப்பதையும், அதனால் நேரும் தீங்கிற்குத் தான் பொறுப்பல்ல என்பதையும் பத்திரத்திலேயே எழுதியது. எனினும் 1955இல் அங்கே பள்ளி திறக்கப்பட்டது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. அவற்றை வாங்கியோரில் பலர் அந்த எச்சரிக்கையை அறியவே இல்லை.

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் இடைவெளிகளும் அவ்வாறே. எனவே நீர் அதனூடே மிக மெதுவாகவே கசியும். மூடியிருந்த மண் கலையாதவரை கழிவு ஓரளவு அடங்கிக் கிடந்தது. கட்டட வேலையின்போது மேல்மண் அகற்றப்பட்டது. சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பள்ளம் தோண்டப்பட்டது. மேலிருந்து மழைநீர் இறங்கியது. அடிக்களிமண்ணோ அதை வெளியேற விடவில்லை. ஓட்டையில்லாத தொட்டி நிரம்பி வழிவதுபோல, கழிவு கலந்த நீர் பக்கவாட்டில் பரவி வீடுகளின் நிலவறைகளில் கசிந்தது. மழைநீர் வடிகால்களிலும் நச்சுப்பொருள் காணப்பட்டது.

1978 ஆகஸ்டில் மாநில அரசும், பின்னர் குடியரசுத் தலைவர் கார்ட்டரும் நெருக்கடிநிலை அறிவித்தனர். பள்ளி மூடப்பட்டது, அருகில் வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. எஞ்சியோருக்காக லோயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசி மக்களைத் திரட்டிப் போராடினார். 1980 டிசம்பரில், மாசுற்ற நிலங்களைத் தூய்மைப்படுத்தும் சட்டம் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டது.

பத்திரம், பழைய நிலப்படம், கழிவுநீர்க் குழாய் வரைபடம் ஆகிய மூன்றும் அங்கே மூன்று செய்திகளைச் சொல்லக்கூடியவை: புதைந்தது என்ன, புதைந்த இடம் எது, அது பரவும் வழி எது என்பவையே அவை. இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்திருந்தால் ஆபத்து முன்னரே புலப்பட்டிருக்கும். லவ் கால்வாயின் கழிவு இன்றும் மூடப்பட்டு, வேலிக்குள் அங்கேயே இருக்கிறது. அது அங்கிருக்கும்வரை அந்த எச்சரிக்கையும் படிக்கப்பட வேண்டும்.