வாக்குரிமையும் நமது கடமையும்

நமது மாணவர் ஆண்டுதோறும் மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதும் வாக்கியம் ஒன்றுண்டு: இலங்கை மக்களுக்கு 1931ஆம் ஆண்டிற் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. தமிழாசிரியராகிய நாம் இவ்வாக்கியத்தை இலக்கண வகுப்பிலும் எடுத்தாள்வதுண்டு. செயப்பாட்டு வினைக்கு அது தக்க உதாரணம். ஆனால், வேண்டிநின்றவர் யார், வேண்டாமென்றவர் யார் என்னும் வரலாறு முழுவதும் அந்த ஒரு வினைக்குள் மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்ந்து பார்த்தாலன்றிக் குடிமக்களின் கடமை யாதென்பது நமக்கு விளங்காது.

டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் இந்நாட்டுக்கு வந்தபோது, சனத்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவிலேயே வாக்காளராக இருந்தனர். சொத்தும் வருமானமும் கல்வியும் உடைய ஆடவரே அவர்கள். ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்த பெருந்தலைவர் பலர், வாக்குரிமை விரிவதை விரும்பினாரல்லர். இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்கள் வருமான வரம்பை வலியுறுத்தினர். தமிழர் தலைவராகப் போற்றப்பட்ட சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்குரிமை அளிப்பதை வன்மையாக எதிர்த்தார். அந்நியராட்சியிடம் அதிகாரம் கேட்டவர்கள், தம்மவரோடு அதனைப் பகிர்ந்துகொள்ள அஞ்சினர். இந்த உண்மையை மறைத்தெழுதும் வரலாறு வரலாறாகாது.

ஆயின், வேண்டுமென்று கேட்டவரும் இருந்தனர். ஏ. ஈ. குணசிங்க தலைமையிலான தொழிலாளர் சங்கம் அனைவர்க்கும் வாக்குரிமை கோரியது. 1927இன் இறுதியில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வாவும் பிறரும் ஆணைக்குழுவின் முன் சென்றனர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என்று அங்கே வினவப்பட்டது. ஆம், அவர்களும் பெண்களே என்னும் கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்ததாக அறிகின்றோம். வசதி படைத்த குடும்பத்துப் பெண்ணொருத்தி, தான் கேட்கும் உரிமையைக் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்டாள். தனக்கு வேண்டுவதைப் பிறர்க்கும் வேண்டுதலே குடியுணர்வின் முதற்படி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆணைக்குழு முதலில் முப்பது வயது நிறைந்த பெண்களுக்கே வாக்குரிமை வழங்கப் பரிந்துரைத்தது. பின்னர் ஆண் பெண் இருபாலார்க்கும் இருபத்தொரு வயதே எல்லையாயிற்று. 1931 ஜூனில் அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தது. எழுத்தறியாதவரும் தாம் விரும்பியவரைத் தெரிவு செய்யும்பொருட்டு வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம் ஒதுக்கப்பட்டது. எழுத்தறியாதவனுக்கு வாக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்நிறங்களே விடை கூறின.

அத்தேர்தலில் வடபுலத்தின் நான்கு தொகுதிகள் வெறுமையாகவே கிடந்தன. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகியவற்றில் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்தாரல்லர். ஹண்டி பேரின்பநாயகமும் அவர்தம் தோழர்களும் வளர்த்த யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், பூரண சுயராச்சியமே வேண்டும், அரைகுறை அரசியல் திட்டம் வேண்டாம் என்று கூறித் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. இவ்விளைஞர்களைப் பொறுப்பற்றவர் என்று நாம் கூறமாட்டோம். சாதி வேற்றுமையின்றிச் சமமாக அமர்ந்துண்ண வேண்டும் என்றும், தாய்மொழியிற் கல்வி வேண்டும் என்றும் வாதாடியவர்கள் இவர்களே. மேடையேறி, மக்களோடு வாதித்து, அவர்களைத் தம் பக்கம் ஈர்த்தே பகிஷ்கரிப்பை நடத்தினர். அதுவும் பொதுவாழ்விற் பங்குகொள்ளும் ஒரு முறையே.

எனினும், விளைவையும் நாம் நோக்க வேண்டும். தென்னிலங்கைத் தலைவர்கள் பகிஷ்கரிப்பிற் சேரவில்லை. சபை கூடியது, மந்திரிமார் தெரிவாயினர், வடபுலத்தின் நான்கு ஆசனங்களோ 1934இன் இடைத்தேர்தல்வரை வெறுமையாகவே இருந்தன. அத்தேர்தலிற் சபைக்குட் புகுந்தவர்களும் வாலிப காங்கிரசின் இலட்சியத்தை ஏந்திச் சென்றவர்களல்லர். இனவாரிப் பிரதிநிதித்துவக் குரலே அதன்பின் ஓங்கலாயிற்று. நாம் விட்டுச்சென்ற இடம் நமக்காகக் காத்திராது. வேறொருவர் வந்து அமர்வர். இஃது அவ்விளைஞரின் தியாகத்தைச் சிறுமைப்படுத்தும் கூற்றன்று. அத்தியாகத்துக்கு நாம் கொடுத்த விலையின் கணக்கு.

இனி, கொழுந்து கிள்ளிய பெண்ணின் கதைக்கு மீளுவோம். வதிவிட நிபந்தனைகளைக் கடந்து வாக்காளரான தோட்டத் தொழிலாளர், 1947ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்து, அவர்தம் வாக்கைப் பறித்தது. உழைப்பாளரும் அவர்தம் குடும்பத்தினருமாக ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் தாம் வாழ்ந்த மண்ணிலேயே நாடற்றவராயினர். 1952இல் அவர்கள் சத்தியாக்கிரகம் செய்தனர்; அவ்வாண்டுத் தேர்தலில் அவர்தம் பிரதிநிதியாக ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல்!

ஒரு சமூகத்தின் வாக்கு பறிபோனபோது மற்றையோர் என்ன செய்தனர் என்பதே நம்மை உறுத்தும் வினா. எஸ். ஜே. வி. செல்வநாயகம் போன்றோர் கண்டித்தனர்; தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டது; 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. இடதுசாரிகளும் பாராளுமன்றத்தில் எதிர்த்தனர். ஆயினும், வடபுலத்துச் சாமானியரிற் பெரும்பாலோர்க்கு அது மலைக்கப்பால் நிகழ்ந்த செய்தியாகவே இருந்தது. அயலானின் உரிமை பறிபோகையில் மௌனித்திருத்தல், நமது உரிமையைப் பறிப்பதற்கும் வழிகாட்டிக் கொடுப்பதாகும் என்பதைப் பின்வந்த காலம் நமக்குக் கடுமையாகவே கற்பித்தது.

இன்னுமொரு செய்தி. 2005 நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில், யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. 1931இல் மக்கள் கேட்டு, வாதித்து, உடன்பட்டு விலகி நின்றனர். 2005இலோ பலர் விடுதலைப் புலிகளின் நிர்ப்பந்தத்துக்கு அஞ்சி வீட்டிலிருந்தனர். முன்னையது குடிமக்களின் தீர்மானம்; பின்னையது குடிமக்களின் தீர்மானம் பறிக்கப்பட்ட நிலை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவார் வாக்கின் பொருளையும் அறியார். மறுப்பின் பொருளையும் அறியார்.

ஆகவே, கடமை என்பது தேர்தல் நாளில் வரிசையில் நிற்பதோடு முடிவதன்று. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகையில் நமது பெயரோடு அயல்வீட்டாரின் பெயரும் இருக்கின்றதா என்று பார்த்தல் கடமை. பிரதேச சபை வரிப்பணத்தை எவ்வாறு செலவிடுகின்றது என்று கேட்டல் கடமை. அதற்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கருவியாக உள்ளது. கிணற்றிலும் கோயிலிலும் ஒருவனை ஒதுக்கிவைத்துவிட்டு வாக்குச் சாவடியில் மட்டும் சமத்துவம் பேசுவது பொய்யென்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதலும் கடமையே.

'வழங்கப்பட்டது' என்று எழுதும் மாணவனுக்கு 'பறிக்கப்பட்டது' என்பதும் செயப்பாட்டு வினையே என்று நாம் கூறுவதுண்டு. முன்னதற்கு அக்னஸ் டி சில்வாவும் குணசிங்கவும் எழுவாயாக நின்றனர். பின்னதற்குச் சட்டமியற்றியோர் மட்டுமன்றி, வாளாவிருந்த நாமும் எழுவாய்களே. இனி எழுதப்படும் வாக்கியங்களில் நாம் எவ்விடத்தில் நிற்கப்போகின்றோம் என்பதை நாமே தீர்மானித்தல் வேண்டும்.